கொட்டை எழுத்தின் மயிரிழை

"தம்பி, எழுத்து நல்லாத் தடிப்பா இருக்கோணும், ஆனா வடிவாயும் இருக்கோணும்." யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பக்க வடிவமைப்புச் செய்கிற எவருக்கும் இந்தக் கோரிக்கை பழகிப்போன ஒன்று. கலியாண அழைப்பிதழுக்கு வருபவரும் இதைக் கேட்பார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவு நூல், அடிப்பிக்க வருபவரும் கேட்பார். கஸ்தூரியார் வீதியில் புதிதாக நகைக்கடை திறப்பவர் பெயர்ப்பலகைக்காக வந்தாலும் இதையே கேட்பார். தடிப்பு மட்டும் போதுமென்றால் வேலை இலகுவாக முடிந்துவிடும். எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் பருமனாக்கிய எழுத்துருக்கள் கணினியில் நிறையவே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் போட்டுக் காட்டினால், "இது அரசாங்க அறிவித்தல் மாதிரிக் கிடக்கு" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் மனதில் வைத்திருப்பது வெளிநாட்டுச் சஞ்சிகை அட்டைகளிலும் வாசனைத் திரவியப் பெட்டிகளிலும் கண்ட ஆங்கில எழுத்து. அதன் நிமிர்கோடுகள் பருத்திருக்கும். அவற்றை இணைக்கும் கோடுகள் மயிரிழையாக மெலிந்திருக்கும். கோடு முடியும் இடங்களில் தட்டையான சிறு பாதங்கள் நிற்கும். அந்தப் பாதங்களைத்தான் செரிப் என்கிறார்கள்.

தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே இவ்வளவு வேறுபாட்டை வைத்திருக்கும் இந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் தடிப்பைத்தான் பார்க்கிறார்கள். வேலை செய்பவனுக்குத் தடிப்பு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் எந்தத் தாளில், எந்த மையில், எந்த இயந்திரத்தில் அடித்தாலும் பருத்த கோடு பிழைத்துக்கொள்ளும். மெல்லிய கோட்டைக் காப்பாற்றுவதுதான் முழு வேலையும். இந்த எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: தமிழ் எழுத்தின் எந்தக் கோட்டை மெலிய விடலாம்? இதற்கு விடை தேடாமல் ஆங்கிலத்தைப் பார்த்து நிமிர்கோடுகளையெல்லாம் பருக்க வைத்த எழுத்துருக்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம், அவற்றில் அடித்த அழைப்பிதழ்களைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வாசித்தும் இருக்கிறோம்.

முதலில் ஆங்கிலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த எழுத்துக்குப் பேனாவும் ஒரு தாய், கடதாசியும் ஒரு தாய். பட்டை முனைப் பேனாவால் எழுதிய பழைய ஐரோப்பிய எழுத்தில் தடிப்பு சற்றுச் சரிந்து விழும். பதினெட்டாம் நூற்றாண்டில் பரவலான கூர்முனைப் பேனாவிலோ, கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் கோடு பருக்கும், மேலே ஏற்றும்போதும் பக்கமாக நகர்த்தும்போதும் கோடு மெலியும். எனவே தடிப்பு நேர்நிமிர்வாக நின்றுவிட்டது. ஆனால் அந்த மெலிவை உலோக அச்சில் வெட்டினாலும் அன்றைய சொரசொரப்பான தாளில் அது ஒழுங்காகப் பதியாது. பேர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோன் பாஸ்கர்வில் (1706–1775) எழுத்தோடு நின்றுவிடாமல் மையையும் தாளையும் சேர்த்தே திருத்தினார். கம்பி வரிகள் தெரியாத வழவழப்பான தாளைப் பயன்படுத்தி, அச்சடித்த பக்கங்களைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தி, 1757இல் வேர்ஜிலின் கவிதைகளை வெளியிட்டபோது, கூர்மையான மெல்லிய கோடுகளைக் கண்டு சிலர் வியந்தார்கள், சிலர் கண் நோகிறது என்றார்கள். அப்படிக் குறைசொன்ன ஒருவரிடம், பாஸ்கர்வில்லின் எழுத்து என்று சொல்லி, இன்னோர் அச்செழுத்து வார்ப்பாளரான வில்லியம் கஸ்லனின் எழுத்து மாதிரித் தாளைப் பெயரைக் கிழித்துவிட்டுக் கொடுத்ததாகவும், அவர் அதிலும் அதே குறைகளைக் கண்டுபிடித்ததாகவும் பெஞ்சமின் பிராங்கிளின் 1760இல் பாஸ்கர்வில்லுக்கே எழுதியிருக்கிறார். எழுத்தைப் பற்றிய பல விமர்சனங்கள் இன்றும் அந்த ரகம்தான்.

பாரிசில் பிர்மன் டிடோ 1784ஆம் ஆண்டளவில் அந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்கினார். இத்தாலியின் பார்மா நகரில் 1768 முதல் கோமகனின் அச்சகத்தை நடத்திவந்த ஜியாம்பத்திஸ்தா பொடோனி அதே வழியில் சென்று அதன் உச்சத்தைத் தொட்டார். அவருடைய எழுத்துத் தொகுப்பை அவர் இறந்த பின்னர் 1818இல் அவருடைய மனைவி இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இவர்கள் அனைவரும் நூல் அச்சிட்டவர்கள். அகன்ற ஓரம், நல்ல தாள், செல்வந்த வாசகர் எல்லாம் அவர்களுக்கு வாய்த்திருந்தன.

கொட்டை எழுத்தாக இது மாறியது லண்டனில், விளம்பரத்துக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ரொபேட் தோர்ன் என்னும் அச்செழுத்து வார்ப்பாளர், மயிரிழையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்கோட்டை மட்டும் ஊதிப் பெருக்கவைத்தார். எழுத்தின் உயரத்தில் ஏறக்குறையப் பாதியளவு அகலத்துக்கு நிமிர்கோடு பருத்தது. இந்த எழுத்துகள் அதிகம் தோன்றிய இடங்களில் ஒன்று லொத்தர்ச் சீட்டு விளம்பரங்கள். இங்கிலாந்தின் அரச லொத்தர் 1826இல் நிறுத்தப்படும்வரை சுவர்கள் அவற்றால் நிறைந்திருந்தன. தோர்ன் 1820இல் இறந்த பிறகு அவருடைய வார்ப்பகத்தை வாங்கிய வில்லியம் தொரோகுட், லொத்தரில் விழுந்த பணத்தைக் கொண்டே அதை வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. அதே வார்ப்பகத்திலிருந்துதான் 1845இல் ரொபேட் பெஸ்லியின் கிளாரெண்டன் வந்தது. அதுவும் தடித்த எழுத்துத்தான்; ஆனால் அதில் மயிரிழை கிடையாது, பாதங்களும் பருமனானவை, சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் சேர்ந்து நிற்கக்கூடியது. அகராதியின் தலைச்சொல்லுக்கும் பாடநூலின் முக்கிய சொல்லுக்கும் வேண்டிய தடிப்பு அந்த வகை. சுவரில் நின்று கூப்பிட வேண்டிய தடிப்பு தோர்னுடையது. இரண்டையும் இன்று கணினியில் "போல்ட்" என்ற ஒரே பொத்தானுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம், குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

பின்னர் நடந்தவற்றில் நம் மேசைவரை வந்து சேர்ந்தவற்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1928இல் மொரிஸ் புல்லர் பென்ரன் வரைந்த அல்ட்ரா பொடோனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வின்சென்ட் பிக்கின்ஸ் வெட்டிய எழுத்துகளை அடியொற்றி 1992இல் மத்தியூ கார்ட்டர் வரைந்து, மைக்ரோசொப்ட்டின் அலுவலக மென்பொருளோடு வந்து சேர்ந்த எலிபன்ட். 2011இல் இலவசமாக வெளிவந்த அப்ரில் பாற்பேஸ், பிளேபெயார் டிஸ்பிளே. யாழ்ப்பாணத்தில் இன்று தடித்த, வடிவான ஆங்கில எழுத்து என்று கண்ணில் படுவதில் பெரும்பங்கு இவற்றிலிருந்தோ இவற்றின் உறவுகளிலிருந்தோ வந்ததுதான்.

இனி மயிரிழையின் கணக்கு. எழுத்துரு வரைபவர்கள் ஓர் எழுத்தின் உடலை வழக்கமாக 1,000 அலகுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நிமிர்கோடு 200 அலகு, மயிரிழை 20 அலகு என்று வைத்துக்கொள்வோம். இந்த வகையில் இது ஒரு மிதமான எடுத்துக்காட்டு. 72 பொயின்ற் அளவில், அதாவது 25.4 மில்லிமீற்றர் உடலில், அந்த மயிரிழை அரை மில்லிமீற்றர் வரும். எந்த அச்சகத்திலும் அது சுத்தமாக விழும். அதே எழுத்தை 12 பொயின்றுக்குச் சுருக்கினால் மயிரிழை 0.085 மில்லிமீற்றர் ஆகிவிடும். நல்ல தாளில் கறுப்பு மையில் ஓப்செற் இயந்திரம் அதைத் தட்டுத்தடுமாறிப் பதிக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அதை விடச் சொன்னால் நான்கு பக்கத்திலிருந்தும் மை ஊறிவந்து அதை மூடிவிடும். அந்தக் கறுப்பு நான்கு நிறங்களையும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பாக இருந்து, தகடுகளில் ஒன்று ஒரு நூலளவு விலகிவிட்டால், மயிரிழை இருந்த இடத்தில் நீலமோ மஞ்சளோதான் நிற்கும். கைத்தொலைபேசித் திரையில் 16 பிக்சல் எழுத்தாகப் போட்டால் மயிரிழைக்குக் கிடைப்பது ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. திரை அதை வெளிறிய சாம்பலாகக் காட்டிச் சமாளிக்கும்.

இதனால்தான் இந்த வகையின் நல்ல எழுத்துருக்கள் ஒரே வரைபடத்தைச் சுருக்கியும் பெருக்கியும் வேலை பார்ப்பதில்லை. நியூயோர்க்கின் ஹார்ப்பர்ஸ் பஸார் சஞ்சிகைக்காக ஜொனதன் ஹொப்ளர் வரைந்த டிடோ, 6 பொயின்றிலிருந்து 96 பொயின்ற் வரை ஏழு தனித்தனி வரைபடங்களைக் கொண்டது. எந்த அளவில் அச்சிட்டாலும் மயிரிழை ஏறத்தாழ ஒரே மென்மையோடு தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். உலோக அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே வெட்ட வேண்டியிருந்ததால் இது தானாகவே நடந்தது. ஒரே கோப்பை இழுத்து இழுத்து எல்லா அளவுக்கும் பாவிக்கும் நம் காலத்தில், வடிவமைப்பாளர் அதை நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. விலைகொடுத்து அந்தத் தொகுதிகளை வாங்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது எளிது: பிளேபெயாரையோ அப்ரிலையோ 24 பொயின்றுக்குக் கீழே இறக்காதீர்கள்.

தாளின் கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்த்தால் இன்னொன்று விளங்கும். யாழ்ப்பாணத்தில் அச்சுக்கலை நல்ல தாளை நம்பி வளர்ந்ததில்லை. அமெரிக்க மிஷனுக்கு அச்சு நடத்த 1820இல் வந்த அச்சாளருக்கு ஆள்பதி தங்கியிருக்க அனுமதி மறுத்தார். 1834இல்தான் மானிப்பாயில் மிஷன் அச்சகம் தொடங்கியது. 1841 தையில் உதயதாரகை பத்திரிகை வந்தது, அடுத்த ஆண்டு அகராதி வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் தமக்கென அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். இவர்கள் எல்லாருக்கும் தாள் கப்பலேறி வரவேண்டிய பொருள். அதனால் எழுத்தைச் சிறிதாக்கி ஒரு பக்கத்தில் அதிகம் அடக்குவதே அக்காலத்துத் தமிழ் அச்செழுத்தின் பெரிய அக்கறையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரி ஜோசப் நைற் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதிப் பணி, உடுவிலில் பல ஆண்டுகள் இருந்த மிஷனரி வின்சிலோவின் கைக்குப் போய், 1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் நூலாகியபோது, அந்த அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹன்ற் உருவாக்குவித்த சிறிய, செட்டான தமிழ் எழுத்துகள் இல்லாவிட்டால் அது ஒரு நூலுக்குள் அடங்கியிராது. ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டு கழித்து, 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பத்திரிகைத் தாள் வராதபோது, கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் இங்கே பத்திரிகை அச்சானது. அப்படிப்பட்ட தாளில் மயிரிழை கொண்ட எழுத்தை அடித்தால் எது எழுத்தின் கோடு, எது தாளின் கோடு என்று பிரித்தறிய முடியாது. தடித்த தலைப்பு என்றால் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் நமக்கு வந்ததற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. கிடைத்த தாளில் தெரியக்கூடியது அதுதான்.

இன்று வழவழப்பான ஆர்ட் தாள் எந்த அச்சகத்திலும் கிடைக்கிறது, ஆகவே தடையொன்று நீங்கியது. நீங்காமல் இருப்பது எழுத்தின் உடம்பிலேயே உள்ள தடை.

பனையோலையில் எழுத்தாணி கீறும் கோட்டுக்குத் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை; எங்கும் ஒரே கீறல். அழுத்தினால் கோடு ஆழமாகும், அகலமாகாது. ஆகவே லத்தீன் எழுத்துக்குப் பேனா கொடுத்த தடிப்பு-மெலிவு ஒழுங்கைப் போன்ற ஒன்றைத் தமிழுக்கு ஓலை கொடுக்கவில்லை. அச்செழுத்து வெட்டியவர்களும் பலகை எழுதும் ஓவியர்களும் பின்னர் தத்தம் கைக்கு வந்தபடி கொடுத்ததே நம்மிடம் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கோடு பருக்க வேண்டும் என்பதில் நமக்குக் கட்டாய மரபு இல்லை என்பதால், யோசித்து முடிவெடுக்கும் சுதந்திரம் நமக்கு இருக்கிறது.

பொடோனியின் விதியை அப்படியே எடுத்து, நிமிர்ந்து நிற்கும் கோடெல்லாம் தடிப்பு, கிடக்கும் கோடெல்லாம் மயிரிழை என்று தமிழில் வைத்துப் பாருங்கள். 'ட' ஒரு தூணாகவும் அதன் அடியில் ஓர் இழையாகவும் ஆகும். 'ப' இரண்டு தூண், அடியில் ஓர் இழை. 'ய' மூன்று தூண், அடியில் இழை. கால் என்று நாம் சொல்லும் 'ா' இரண்டு தூண், ஆனால் இழை மேலே. இனி அந்த இழையை அழித்துவிட்டுப் பாருங்கள், அதாவது பத்து மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். 'ப' என்பதும் இரண்டு தூண், 'ா' என்பதும் இரண்டு தூண். 'பா' என்ற எழுத்து நான்கு கம்பம் நட்ட வேலியாகிவிடும். யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம்: அதில் 'யா' இருக்கிறது, 'ப்பா' இருக்கிறது, முடிவில் 'ம்' இருக்கிறது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது இணைப்புக் கோடு மேலே ஓடுகிறதா கீழே ஓடுகிறதா என்பதுதான். லத்தீனிலும் சிறிய 'என்' எழுத்தும் 'யு' எழுத்தும் இதே நோயால் ஒன்றையொன்று ஒத்துப்போவதுண்டு. ஆனால் அங்கே அது ஓரிரண்டு எழுத்தின் தொல்லை. தமிழில் ட, ப, ம, ய, ர, கால் என்று எழுத்துகளின் அடையாளமே கிடைக்கோட்டில் தங்கியிருக்கிறது. மெலிய விடக்கூடாத கோட்டைத்தான் பொடோனியின் விதி மெலிய விடச் சொல்கிறது.

அப்படியானால் விதியைத் தலைகீழாக்கிவிடலாமே என்று தோன்றும். கிடைக்கோட்டைப் பருக்கவைத்து நிமிர்கோட்டை மெலியவைக்கும் எழுத்து லண்டனில் 1821ஆம் ஆண்டளவிலேயே கஸ்லன் வார்ப்பகத்தில் "இத்தாலியன்" என்ற பெயரில் வந்தது. லத்தீனில் அதை விகாரம் என்றார்கள். தமிழில் அது அவ்வளவு விகாரமாகத் தெரியாது. 'ட', 'ப', 'ம' எல்லாம் அகன்ற அடித்தளத்தில் உறுதியாக உட்காருகின்றன. கால் மேலே தடித்துக்கொள்வதால் 'பா' என்பதில் இரண்டு பாகமும் பிரிந்து தெரிகின்றன. சிக்கல் வருவது சுழியில். 'ன' இரண்டு சுழி, 'ண' மூன்று சுழி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் சுழிகளின் உச்சியும் அடியும் பருத்துப் பக்கங்கள் மெலியும்போது, வளைவு தன் ஓட்டத்தை இழந்து நசுங்கிய முட்டையாகிறது. தவிர, தலையிலும் அடியிலும் ஏற்கெனவே கூட்டம் அதிகம். விசிறியும் புள்ளியும் மேலே நிற்கின்றன. 'ழ', 'ரு', 'கூ' போன்றவை கீழே இறங்குகின்றன. கிடைக்கோடு பருத்தால் இவற்றுக்கு இடம்விட வரிகளை இன்னும் தள்ளிவைக்க வேண்டும்.

எனக்குச் சரியாகப்படும் வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, அதை ஒரே வாக்கியத்தில் சொல்லவும் முடியவில்லை. நேர்கோடும் நேர்கோடும் சந்திக்கும் 'ட', 'ப', 'ம', 'ய' போன்றவற்றில் நிமிர்கோட்டுக்குத் தடிப்பைக் கொடுத்தாலும், அடிக்கோட்டை அதன் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்குக்குக் கீழே விடக்கூடாது. மயிரிழை என்று சொல்லத்தக்க உண்மையான மெலிவை, அது தொலைந்தாலும் எழுத்து தொலையாத இடங்களுக்கு ஒதுக்க வேண்டும்: சுழி உட்புறமாக முடியும் முனை, ஒரு வளைவு அடுத்த வளைவுக்குள் நுழையும் சந்தி, 'ஏ'காரக் கொம்பின் மேற்சுழியின் தொடக்கம், 'ற'வின் வால் நுனி. 'ண', 'ஞ', 'இ', 'ஐ' போன்ற நெரிசலான எழுத்துகளில் எல்லா நிமிர்கோட்டையும் பருக்கவைக்காமல், ஒன்றிரண்டைத் தேர்ந்து அவற்றுக்கு மட்டும் முழுத் தடிப்பைக் கொடுத்து மற்றவற்றை ஒடுக்க வேண்டும்; அல்லது எழுத்தை அகலமாக்க வேண்டும். அகலமாக்குவது பல்கலைக்கழகம், திருநெல்வேலி போன்ற நீண்ட சொற்களைக் கொண்ட மொழியில் விலையுயர்ந்த தீர்வு. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய 'ணை', 'லை', 'னை' வடிவங்களில் ஐகாரம் எழுத்தின் தலையில் தும்பிக்கையாக வளைந்து சேர்ந்திருந்ததால் சொல் சற்றுக் குறுகியது. கொட்டை எழுத்துத் தலைப்புகளில் மட்டும் அந்தப் பழைய வடிவத்தை அழகுக்காகத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு. இளையவர்கள் வாசிக்கத் தடுமாறுவார்கள் என்பதால் யோசனையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செரிப் பற்றி ஒரு வார்த்தை. 'ப'வின் தலையிலும் 'ட'வின் தலையிலும் லத்தீன் பாதத்தை ஒட்டிவைத்த தமிழ் எழுத்துருக்கள் உண்டு. ஒட்டிய இடம் எனக்கு எப்போதும் தெரிகிறது. தமிழ் எழுத்தின் முனைகளில் பல, சுழியாகவோ வளைவாகவோ ஏற்கெனவே முடிந்துவிட்டவை. அவற்றுக்குப் பாதம் தேவையில்லை. மொட்டையாக நிற்கும் நேர்கோட்டுத் தலைகளுக்குச் சற்றே சாய்வாக வெட்டிய ஒரு முனை போதும்.

புள்ளியில் பலரும் தவறுகிறார்கள் என்பது என் அவதானம். மெய்யெழுத்துக்கு நேரே மேலே நிற்கும் அந்தச் சிறு வட்டத்தை மயிரிழையோடு ஒப்பிட்டு அளவு வைத்தால், தடித்த உடம்புக்கு மேல் அது தூசாகத் தெரியும். 'க்' என்பது 'க' ஆகிச் சொல்லின் பொருளே மாறும். நிமிர்கோட்டின் தடிப்புக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ அதன் விட்டம் இருக்க வேண்டும், உள்ளே வெற்றிடம் விடாத நிறைந்த வட்டமாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் தமிழில் முழுமையாகச் செய்த எழுத்துரு எது என்று கேட்டால், கைகாட்ட ஒன்று இல்லாமல் தடுமாறுகிறேன். நோட்டோ செரிப் தமிழ் 100 முதல் 900 வரை தடிப்புகளைத் தருகிறது, அதன் கறுப்பான எல்லை நல்ல தலைப்பு எழுத்து, இலவசமும்கூட. ஆனால் அதன் வேறுபாடு அடக்கமானது; தோர்னின் துணிச்சல் அதன் நோக்கமே அல்ல. நம் அச்சகங்களில் இன்னும் புழங்கும் பாமினி வகைப் பழைய எழுத்துருக்களில் தனித் தடிப்பு வரையப்படாதபோது, மென்பொருள் தானே பருக்கவைத்துக் கொடுக்கும், அல்லது நாம் எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பருக்கவைப்போம். இந்தப் போலித் தடிப்பு என்ன செய்கிறது என்பதை முன்னே சொன்ன எண்களாலேயே பார்க்கலாம். 200 அலகு நிமிர்கோட்டுக்கும் 20 அலகு மயிரிழைக்கும் மொத்தம் 20 அலகு கூட்டினால், முன்னது 220 ஆகும், பின்னது 40 ஆகும். தடிப்பு பத்தில் ஒரு பங்குதான் கூடியது, மெலிவோ இருமடங்காயிற்று. கூடவே 'ண'வின் உள்வெளிகளும் அடைபட்டன. தடித்த எழுத்து வேண்டுமென்று செய்த வேலை, எழுத்தின் வேறுபாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டது. சுழிக்குள் மை நிறைந்து கறுப்புக் கட்டியாகிவிட்ட மரண அறிவித்தல்களை மதில்களில் காண்பவர்கள் அச்சகத்தைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் அச்சுக்கு வருமுன்னரே நடந்து முடிந்திருக்கும்.

பயன்பாட்டில் எனக்குத் தெரிந்தவற்றை இடம்வாரியாகச் சொன்னால் இப்படித்தான் வரும். கல்வெட்டின் அட்டையில், வழவழப்பான தாளில், அமரரின் பெயரைப் பெரிதாக ஒரே வரியில் போட இந்த வகை மிகப் பொருத்தம். அங்கே வாசகர் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறார், தாள் நல்லது, சொல் ஒன்றிரண்டுதான். அதே எழுத்தை உள்ளே தேவார திருவாசகத்தின் தலைப்புகளுக்கும் வம்சாவளி அட்டவணைக்கும் கொண்டுபோகச் சொல்லிக் கேட்பார்கள். அங்கே மறுத்துவிட வேண்டும், ஏனென்றால் பத்துப் பதினொரு பொயின்றில் அது கறுப்பும் வெளியுமாகச் சிதறி, கண்ணைப் பாடலில் நிற்கவிடாது. கலியாண அழைப்பிதழில் பொன்முலாம் அழுத்துவது வழக்கம். சூடான அச்சு மெல்லிய கோட்டில் ஒன்றில் தாளில் பிடிக்காமல் உரியும், அல்லது வழிந்து தடிக்கும். மணமக்கள் பெயருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பெற்றோர் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் சாதாரண மையில் விடச் சொல்வேன். வாகனங்களுக்கும் கண்ணாடிக் கதவுகளுக்கும் வெட்டும் ஸ்ரிக்கரில் இந்த எழுத்தை அறவே தொடுவதில்லை. வெட்டிய தாளிலிருந்து தேவையற்றதை உரிக்கும்போதே மயிரிழை சேர்ந்து உரிந்துவிடும். தப்பியது நம் வெயிலில் சுருண்டு எழும்.

கோயில் மகோற்சவ விஞ்ஞாபனங்கள் ஒரு தனி உலகம். அவற்றில் 'ஸ்ரீ' என்ற ஒரெழுத்தே தலைப்புக்குள் ஒரு தலைப்பாக நிற்கும். அதன் அடுக்கும் சுழிவும் இந்த வகை வேறுபாட்டுக்கு மற்ற எந்தத் தமிழ் எழுத்தையும்விட நன்றாக இடம்கொடுக்கின்றன. தெய்வத்தின் பெயரைத் தடித்த, மெலிந்த எழுத்தில் விட்டு, திருவிழா நாள்களின் நிரலைச் சமதடிப்பான எழுத்தில் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. நகைக்கடைக்காரர் தம் கடைப்பெயரை ஆங்கிலத்தில் பொடோனியில் கண்டுவிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் அதேபோல வேண்டும் என்பார். மூன்று எழுத்தும் ஒரே பலகையில் நிற்கும்போது, ஆங்கிலத்தின் மயிரிழைக்குச் சமமாகத் தமிழின் மயிரிழையையும் மெலியவைப்பது கணினியில் பார்க்க ஒற்றுமையாக இருக்கும், வீதியில் தமிழை மட்டும் அழித்துவிடும். மொத்தக் கறுப்பை ஒத்துப்போகச் செய்வதே பலன் தரும்: தூர நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மூன்று வரியும் ஒரே அடர்த்தியில் தெரிய வேண்டும். தெளிவான பார்வை உள்ள கண், ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் அகலத்தைப் பிரித்தறியும். 20 மீற்றரில் அது 6 மில்லிமீற்றராகிறது. 30 சென்ரிமீற்றர் உடலுள்ள எழுத்தில் 20 அலகு மயிரிழை வருவதும் அந்த 6 மில்லிமீற்றர்தான், அதாவது 20 மீற்றருக்கு அப்பால் மயிரிழை இல்லை என்றே கணக்கு. கஸ்தூரியார் வீதியில் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்ப்பவருக்கு அது போதும். காங்கேசன்துறை வீதியில் பேருந்தில் போகிறவருக்குப் போதாது. அதனால் பலகைக்கு எழுத்துக் கேட்டு வருபவரிடம் நான் முதலில் வீதியின் அகலத்தையும் பலகை ஏறப்போகும் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். எந்த எழுத்து என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.